நாற்பத்தேழாம் எண்

1977இல் நான் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் பலரும் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலம். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்.

டைப்பிஸ்ட் வேலைக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் வந்தன. என் புரோகிராம் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்க்கும். தகுதி இருந்தால் இன்டர்வியூ கடிதம் அச்சாகும். இல்லையென்றால் பெயரை நீக்கிவிடும்.

ஃபக்ருன்னிசாவுக்குக் கடிதம் வரவில்லை. சதுரங்கப்பட்டினத்துப் பெண், டைப்ரைட்டிங்கில் வேகம் கூட்டிக்கொள்ளச் செங்கல்பட்டில் கிளாஸுக்கு வருவாள். செங்கல்பட்டில் அவள் இறங்கும் பஸ்ஸில்தான் நான் ஆபீஸுக்குப் போக ஏறுவேன்.

"டைப்புல ஹையர் பாஸ் பண்ணிகீறேன்க்கா. லெட்டரே வரல. இன்னான்னு ஒரு தபா பாருங்க."

"மெஷின் தப்பு பண்ணாதும்மா" என்றேன். ஜன்னலோர சீட் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு.

ஆளெடுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து, வேறொரு பட்டியலுக்காக அதே புரோகிராமை எடுத்துப் படித்தேன். அப்போதுதான் தப்பு தெரிந்தது. ஒரு பெயரை நீக்கியதும் கீழே இருப்பவர்கள் ஓரிடம் மேலே ஏறிவிடுவார்கள். நாற்பத்தாறு போனால் அந்த இடத்துக்கு நாற்பத்தேழு வந்துவிடும். நானோ, அந்த இடம் பார்த்தாயிற்று, அடுத்ததற்குப் போ என்று எழுதியிருந்தேன். நீக்கப்பட்டவருக்கு அடுத்து நின்றவரை மெஷின் பார்க்கவே இல்லை. அப்படிப் பதினோரு பேர். ஃபக்ருன்னிசா நாற்பத்தேழு.

அதிகாரி வரதனிடம் சொன்னேன். "போஸ்டெல்லாம் ஃபில் ஆயிடுச்சு. அடுத்த வாட்டி சரியா எழுது, விடும்மா" என்றார்.

என்னால் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"கிளாஸுக்குப் போறதில்லையா?"

"மெஷினே வேணாம்னுடுச்சு. அதுக்கப்புறம் இன்னாத்துக்குக்கா?"

"அது உன்னப் பாக்கவே இல்லம்மா. தப்பா எழுதினது நான்தான்."

நடந்ததைச் சொல்லி முடித்தேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எனக்கு மட்டுந்தானா?"

"பதினோரு பேருக்கு."

"மத்தவங்க வூட்டுக்கும் போய்ச் சொல்லிட்டீங்களா?"

முகம் தெரிந்த ஒருத்தியைத் தேடி வந்திருந்தேன். மீதிப் பத்துப் பேரின் ஊரும் தெருவும் என் மேஜையிலேயே இருந்தன. அவர்களை நானும் தாண்டித்தான் வந்திருந்தேன்.