படத்தில் வராத சரணம்

என் மகன் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுபவன். கடையை ஏன் இன்னும் அடைக்கவில்லை என்று கேட்ட காவலர் ஒருவர், பதிலுக்குக் காத்திராமல் லத்தியால் அவன் மணிக்கட்டை முறித்தார். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தனர். அவன் தங்கை அதை ராப் பாட்டாக்கினாள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத அப்பாட்டை நான் கண்டித்தேன்; ஊரோ மனப்பாடம் செய்தது.

பாட்டை வெளியிட்ட நிறுவனம் அவளைக் கேளாமலே பல்லவியை ஒரு திரைப்படத்துக்குக் கொடுத்தது. அதில் காவல் அதிகாரியான கதாநாயகன் ஒருவனை நொறுக்கும்போது அப்பல்லவி ஒலிக்கிறது, விசில் பறக்கிறது. அடித்தவனைத் தட்டிக்கேட்ட பாட்டு, அடிப்பவனுக்கு வாழ்த்துப்பா ஆனது எங்ஙனம்? எனக்கு விளங்கவில்லை.

மூவரும் மறுபடியும் நிலையத்துக்குப் போனோம். ஆய்வாளரின் கைப்பேசி அடித்தது: அழைப்பொலியாக என் மகளின் குரல்!

“சார், அது நான் பாடினது,” என்றாள்.

“நீயாம்மா! யோவ் ரைட்டர், நம்ம பாட்டுக்காரம்மா வந்திருக்காங்கய்யா!”

‘நம்ம’ பாட்டுக்காரம்மாவாம்! மகன் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தான். எவரும் பார்க்கவில்லை, தேநீர் வந்தது.

“அடுத்த வாரம் எங்க ஆண்டு விழா. நீ பாடணும்.”

“பாடறேன் சார். அண்ணன் புகாரை இப்பவே எழுதி ரசீது குடுங்க.”

“அவ்வளவுதானே? எழுதுய்யா.”

அடித்தவர் மார்பு வில்லையிலிருந்த காவலர் எண்ணை மகன் சொன்னான்.

“நம்பரெல்லாம் எதுக்குத் தம்பி? ‘அடையாளம் தெரியாதவர்’னு போட்டுக்கறேன்,” என்றார் ரைட்டர்.

நான் பொங்கி எழுந்தேன். மகள் என் காலை மிதித்தாள்.

“சார், படத்துல வந்தது பல்லவி மட்டும்தான். முழுசாப் பாடலாமா?”

“தாராளமா! பாதியில நிறுத்தினா எங்க ஆளுங்க விடமாட்டாங்க.”

வெளியே வந்ததும் சீறினேன்: “வெட்கமா இல்ல? அவங்க விழாவிலயா பாடுவே?”

“அப்பா, ரெண்டாவது சரணம் ஞாபகமில்லையா? திட்டறதுக்கு முன்னாடி முழுசாக் கேட்டீங்களா, இல்லையா?”

கேட்டிருக்கவில்லை.

விழா மண்டபமே பல்லவிக்குக் கைதட்டிக் குதித்தது. இரண்டாம் சரணத்தில் அவள் அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். நிறுத்தி, மறுபடியும் சொன்னாள். கூட்டம் நிற்கவில்லை, எண்ணையும் சேர்த்துப் பாடிற்று. ஆய்வாளர் தொடையில் தாளம் போட்டார். யாரைப் பாடுகிறோம் என்று இவர்கள் அறிவார்களா, அறியார்களா? நான் ரசீதைப் பிரித்து, ‘அடையாளம் தெரியாதவர்’ என்ற வரியை மறுபடி படித்தேன்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் தட்டிய கையை நிறுத்திவிட்டுக் குனிந்து, தம் மார்பைப் பார்த்தார்.