பரிசாகக் கேட்ட ஸ்வெட்டர்

வெளிநாட்டுப் பையனை யோலிமா மொட்டையடித்துவிட்டாள் என்ற செய்தி திங்கட்கிழமை காலையே பல்கலைக்கழக வாசலில் இருக்கும் சோளரொட்டிக் கடைக்கு வந்துவிட்டது. அங்கே வந்துவிட்டால் எங்கள் மலையூர் மனிசாலஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

யோலிமா மாணவர் தூதர். புதிதாக வருகிறவர்களுக்கு நூலகத்தையும் வகுப்புகளையும் காட்டி, நாலு பேரை அறிமுகம் செய்துவைக்கிற வேலை. அதற்கு அடையாளமாக ஒரு பச்சை மேல்சட்டை. அதை அவள் துவைக்கிறாளா என்பதே எங்களுக்குச் சந்தேகம். கழற்றி யாரும் பார்த்ததில்லை. காரணமும் இருந்தது. காப்பித் தோட்டத்து ஊரிலிருந்து வந்த முதல் பருவத்தில், யாருடனும் உட்காரக் கூச்சப்பட்டு, கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டவள் அவள். ஒரு பச்சைச் சட்டைக்காரி கதவைத் தட்டி, "வெளிய வாடி, எங்ககூட உக்காரு" என்று கூப்பிட்டிராவிட்டால் ஊருக்கே திரும்பியிருப்பாள்.

மொட்டையடிக்கப்பட்டவன் ஹெய்தியிலிருந்து படிக்க வந்த வில்னேர். அவனுடைய பேனா அவளிடம். குடை அவளிடம். வெள்ளிக்கிழமை முதல் ஸ்வெட்டரும் அவளிடம். மலைக் குளிரில் அவன் வெடவெடத்துப் போவதைப் பார்த்த ஒரு புண்ணியவான் அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

தூதர்களுக்குப் பொறுப்பான டோன்யா அம்பாரோ இருவரையும் கூப்பிட்டார். (டோன்யா என்றால் எங்கள் ஊரில் 'அம்மா' என்பதுபோல மரியாதைச் சொல்.)

"மேல்சட்டையக் கழட்டி மேசைமேல வை, யோலிமா. விசாரிச்சு முடிக்கற வரைக்கும் நீ தூதர் இல்ல."

கழற்றி வைத்தாள். தோலை உரித்து வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"தம்பி, பயப்படாம சொல்லு. இவ உன்கிட்ட புடுங்கினாளா?"

"இல்ல மேடம். ஸ்வெட்டர்ல பேர் அட்டை குத்தித் தரேன், அதப் பரிசாக் குடுன்னாங்க. குடுத்துட்டேன். அதுக்கு முன்னாடி குடையப் பரிசாக் குடுன்னாங்க. அதையும் குடுத்தேன். தூதருக்குப் பரிசு குடுக்கறது இந்த ஊர் வழக்கம்போலன்னு நெனச்சேன்."

எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் 'பரிசாக் குடு' என்றுதான் கேட்போம். காசைக் கையில் பிடித்துக்கொண்டே, "ஒரு காப்பி பரிசாக் குடுங்க" என்போம். அந்தச் சொல் எங்கள் வாயில் இருக்கிறதே தவிர, காதில் விழுந்ததில்லை.

"அட மக்கு! 'இப்படிக் குடு'ன்னு அர்த்தம்டா அதுக்கு!" யோலிமா கத்தினாள். "திருப்பிக் குடுத்தா வாங்கிக்கவே மாட்டேன்னியா, நான் வேற மாதிரி நெனச்சு..."

"வேற மாதிரின்னா?" என்றார் அம்பாரோ. புகாரைவிட இதில்தான் அவருக்கு அக்கறை.

"ஒண்ணுமில்ல, டோன்யா."

"சரி தம்பி, இந்தக் குளிர்ல போட்டிருந்ததக் கழட்டிக் குடுக்க உனக்குக் கஷ்டமா இல்லையா?"

வில்னேர் வார்த்தை தேடினான். "அவங்களும் குடுத்தாங்களே மேடம். மொத நாள், 'அஞ்சு நிமிஷம் உனக்குப் பரிசாத் தரேன்'னாங்க. மூணு மணி நேரம் என்கூட அலைஞ்சாங்க. சாப்பாட்டுக்கூடத்துல அவங்க கூட்டாளிங்களை நகரச் சொல்லி எனக்கு எடம் போட்டாங்க. போன்ல எங்கம்மா அழுதப்போ, மொழி தெரியாமலே, நான் சாப்பிட்ட தட்டத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க. அம்மா சிரிச்சிட்டாங்க. இதுக்கெல்லாம் ஒரு பழைய ஸ்வெட்டர் எந்த மூலைக்குன்னுதான் எனக்குக் கஷ்டமா இருந்துது."

அம்பாரோ புகார்க் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக.

"போட்டுக்கோ" என்று மேல்சட்டையைத் தள்ளினார். "வெளிய புதுசா பதினோரு பேர் வந்து நிக்கறாங்க. ஸ்வெட்டரையும் குடையையும் இன்னைக்கே இவன்கிட்ட குடுத்துடு. பேனாவ மறந்துடாத."

யோலிமா போட்டுக்கொண்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். "நன்றிடா" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"நான் போகட்டுமா?"

"எங்க போற? கூட வா."

வெளியே பதினோரு பேர் பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். யோலிமா அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நான் யோலிமா. இங்க எது புரியலேன்னாலும் என்னைக் கேளுங்க. நான் சொல்றது புரியலேன்னா, இவனைக் கேளுங்க."