முழு முகம்

"போனக் கீழ வைடா. வண்டிக்காரன் ரெண்டு தடவ ஹாரன் அடிச்சிட்டான்," என்றான் அண்ணன்.

அவன் வைக்கவில்லை. மறுபடியும் அழுத்தினான். அது மனைவியின் போன். தன் அம்மாவின் எண்ணை அவள் 'நெத்தி' என்றுதான் பதிந்து வைத்திருந்தாள். அந்தச் சொல் திரையில் மின்னி மின்னி ஓய்ந்தது. அந்தப் பக்கம் எடுக்கவில்லை.

அவள் கூடத்தின் நடுவே படுத்திருந்தாள். முந்தின நாள் அலுவலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தவள், மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேரவே இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் தலையாட்டிக்கொண்டே இருந்தான். என்ன உடுத்துவது, யார் யாருக்குச் சொல்வது, வண்டி எப்போது வரலாம், எல்லாவற்றுக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் அவன் தலை ஆடவில்லை.

"அத்த போன்ல வராம இவள எடுக்கக் கூடாது."

அவன் மாமியார் கடல் தாண்டிய ஊரில் தையல்கடை வைத்திருப்பவர். இதய ஆபரேஷன் முடிந்து சில வாரம்தான் ஆகிறது, விமானம் ஏறக் கூடாது. மகளும் அம்மாவும் பேசிக்கொள்வதெல்லாம் சாயங்கால வீடியோ காலில்தான். பேசுவது என்றுகூடச் சொல்ல முடியாது. இங்கே இவள் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்குவாள். அங்கே அவர் மெஷின் மேல் வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். மெஷின் ஓட ஓட அந்தப் போன் சரியும். அப்புறம் ஒரு நெற்றி, ஒரு மின்விசிறி, பாக்கியெல்லாம் கூரை.

"எங்கம்மாவுக்கு மூக்கு, வாயெல்லாம் கெடையாதுங்க. நெத்தியோட நிறுத்திட்டாங்க," என்பாள் அவனிடம், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே.

"ஏன்டி, நான் பொழப்பப் பாக்கவா, உனக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"ஒரு நாளாவது முழு மூஞ்சியக் காட்டும்மா. மறந்துடப் போறேன்."

"மறந்துடுவியாக்கும். போடி."

தினமும் இதே சண்டைதான்.

"எடுக்கலன்னா பாக்க இஷ்டமில்லன்னு அர்த்தம்டா," என்றாள் சித்தி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து. "இப்பத்தான் நெஞ்சக் கிழிச்சுத் தச்ச ஒடம்பு. இதப் பாத்தா அது தாங்குமா? நீயே சொல்லு."

"காலைல நான்தான் சொன்னேன் சித்தி. தயாரானதும் கூப்பிடுங்கன்னாங்க. எடுப்பாங்க."

"சுடுகாட்டுல நமக்குக் குடுத்த நேரம் போயிடும்," என்றான் அண்ணன். "விட்டா அப்புறம் சாயங்காலம்தான்."

"சாயங்காலம் போலாம்."

"வெளையாடறியா?"

"இல்லண்ணா."

போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எழுந்துபோய்ச் சமையலறை எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து வந்தான். துக்கத்துக்கு வந்தவர்களின் கால்களுக்கு நடுவே வயரை இழுத்துவிட்டு, போனைச் செருகி, அவள் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இனி அவளைத் தூக்குவதென்றால் முதலில் அவனைத் தூக்கியாக வேண்டும். அண்ணன் அவனைப் பார்த்தான், வயரைப் பார்த்தான்.

போன் தானாகவே அடித்தது.

எடுத்தவன் ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தான். திரை முழுக்க ஒரு முகம். கழுவித் துடைத்து, தலை வாரி, நேராகப் பார்க்கிற முகம். மோவாயில் சின்னக் குழி. அவன் கீழே குனிந்து பார்த்தான். இங்கேயும் அதே குழி.

"கோச்சுக்காதீங்க மாப்ள. நீங்க கூப்பிடக் கூப்பிட இந்தப் பாழாப்போன போன் சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அளவு டேப்ப வச்சு மெஷினோட சேத்துக் கட்டிட்டேன். இப்ப அசையாது."

திரையின் ஓரத்தில் மஞ்சள் டேப் கொஞ்சம் தெரிந்தது.

"கேமராவ அவ பக்கம் திருப்பறேன் அத்த. பாக்கறீங்களா?"

"நான் பாக்கறது இருக்கட்டும். பெத்தவளுக்குத் தெரியாத மொகமா?" குரல் நின்று, மறுபடி வந்தது. "என்னைய அவளுக்குக் காட்டுங்க மாப்ள. தெனமும் கேப்பா."

சித்தி எழுந்து இடம் விட்டாள். அண்ணன் வாசலுக்குப் போனான். "கொஞ்சம் பொறுப்பா" என்று அவன் வண்டிக்காரனிடம் சொல்வது உள்ளே கேட்டது.

அவன் திரையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். இப்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போனின் முதுகுதான். மூலையில் விரிசல் விட்ட உறை. மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போனிலிருந்து வெகுநேரம் சத்தமில்லை.

"தெரியுதாடி?" என்றது போன்.

நேரம் ஆக ஆக அவன் கை சோர்ந்து இறங்கத் தொடங்கியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்னு நீங்க சொல்லுங்கத்த. அதுவரைக்கும் புடிச்சிருக்கேன்."

அண்ணன் உள்ளே வந்து பக்கத்தில் மண்டியிட்டு, அவன் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினான்.

வாசலில் வண்டியின் இன்ஜின் நின்றது.

"சரி மாப்ள," என்றார் கடைசியில். "கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் சாயங்காலம் சித்தி கிளம்பிப் போயிருந்தாள். அண்ணன் சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. நெத்தி.

அவன் சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவில் அதைச் சாய்த்து வைத்தான்.

"சாப்ட்டீங்களா மாப்ள?"

"இனிமேதான் அத்த. செய்யணும்."

"ம். செய்யுங்க."

மெஷின் ஓடத் தொடங்கியது. திரையில் மோவாய் போனது, வாய் போனது, மூக்கும் போனது. கடைசியில் நெற்றியும் மின்விசிறியும் கூரையும் மிஞ்சின.

அவன் பீன்ஸை எடுத்து, ஒவ்வொன்றாக நார் உரிக்க ஆரம்பித்தான்.