பிரியந்தியைப் பேசிய நாடுகள்

"அங்கிள், நேத்து எல்லா நாட்டுக்காரங்களும் பிரியந்தியைத் தனியா கூப்பிட்டு வச்சுப் பேசினாங்க," என்று நியூசிலாந்தின் சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில், காலை வேலைக்குப் போகும் வழியில், சிரித்தபடி சொன்னான் கதிர். பிரியந்தியோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பையன்.

பிரியந்தியின் அப்பா ஏர்னஸ்டின் கையிலிருந்த முருங்கைக்காய் கூடைக்கே திரும்பியது. யாழ்ப்பாணத்தாருக்குப் பேசுவதென்றால் ஏசுவது; உரையாடுவதற்குத்தான் கதைப்பது என்ற சொல் இருக்கிறதே. தமிழ்நாட்டு வழக்கு அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் மகள் என்றதும் காது பழைய வழிக்கே போயிற்று. மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. குடும்ப மானத்தைக் கடையில் வைத்தா விசாரிப்பது?

விவகாரம் தென்துருவக் கடலின் அடித்தரை. அங்கே சில நாடுகள் உரிமை சொல்லும், மற்றவை ஒப்புக்கொள்ளா. பழைய உடன்படிக்கை அந்த வழக்கை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கடலடியை அளக்கலாம் என்று நியூசிலாந்துக்காக வரைவு எழுதியவள் பிரியந்தி. அன்று பின்னேரம் முடிவு.

ஏர்னஸ்ட் டை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, நகர மையத்தில் கூட்டம் நடந்த ஹோட்டலுக்குப் போனார். மத்தியான இடைவேளையில் பிரியந்தியும் கதிரும் கோப்பியோடு நின்றார்கள்.

"வா பிள்ளை, வீட்டை போவம். ஏச்சுக் கேட்டு வேலை செய்யிற குடும்பமில்லை நாங்கள்."

"ஆரப்பா ஏசினது?"

"எல்லா நாடும் உன்னைப் பேசினதெண்டு இவர்தான் சொன்னவர்."

கதிர் கோப்பியை மேசையில் வைத்தான். "அங்கிள், பேசினாங்கன்னா... கதைச்சாங்க."

பிரியந்தி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"கதிர், எங்கட வரைவிலயும் இதே கதைதான். நாங்கள் 'அளவை' எண்டு எழுதினம். மற்ற நாட்டுக்காரருக்கு அது 'எல்லை போடுறது' எண்டு கேக்குது. காலமை முழுக்க வேற சொல்லுத் தேடினது வீண். அளக்கிறதால ஒருத்தரின்ர உரிமையும் கூடாது, குறையாது எண்டு அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலயே எழுதிவிடுவம்."

இருவரும் உள்ளே ஓடினார்கள். ஏர்னஸ்ட் நாற்காலியில் முதுகு சாயாமல் இருந்தார். வெளிச்சம் சரியும் வேளையில் மகள் வந்தாள்.

"வரைவுக்கு ஓமெண்டிட்டினம் அப்பா. வாற கோடையில கப்பல் போகுது."

"எல்லாருமோ?"

"எல்லாரும். வரவேற்பறையில டை கட்டிக்கொண்டிருக்கிறவர் எந்த நாட்டுத் தூதுவர் எண்டும் கேட்டவை."

அவர் டையைச் சரிசெய்துகொண்டு வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் எடுத்தார்.

"டோறின், எல்லா நாட்டுக்காரரும் எங்கட பிள்ளையோட," என்று தொடங்கிச் சற்று நிறுத்தினார். "கதைச்சவை."