நிற்கிற வேலை

கரியாஹாட் கடைத்தெருவில் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்த சுந்தரேசனைப் பற்றிப் பெயர் போடாத புகார் ஒன்று வந்தபோது, தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் வாசுகிக்குச் சங்கடமாக இருந்தது. லேக் கார்டன்ஸில் அவர் வீடு வாசுகியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. தினமும் அவளுடைய அப்பாவோடு ஏரிக்கரையில் நடப்பவர். மேலதிகாரியிடம் அதை மறைக்காமல் சொன்னாள். முடியாதென்றால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார் அவர். முடியும் என்றாள்.

கடையில் வேலை செய்யும் பெண்கள் கடை சாத்தும்வரை உட்காரக் கூடாது, கர்ப்பம் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்பதுதான் புகார்.

சுந்தரேசன் அவளை வாய் நிறைய வரவேற்றார். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்தார். காபி வரவழைத்தார். அவர் முன்னால் கேட்டபோது, ஒரு குறையும் இல்லை என்றார்கள் எல்லாப் பெண்களும். ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் வங்காளிகள். அந்த ஒருத்தி நீலாவதி. தர்மபுரிக்காரி. அவள் புருஷன் செல்வராஜ் சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி.

வாடிக்கையாளர் ஒருவர் மேல்தட்டிலிருந்த புடவையைக் கேட்க, நீலாவதி முக்காலியில் ஏறி எடுத்தாள். இறங்கியதும் அலமாரியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை வயிற்றுக்குக் குறுக்கே இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும் என்றாள் வாசுகி. நம் கடையில் என்ன ரகசியம் என்று சிரித்தார் சுந்தரேசன். நடைமுறை அப்படித்தான் மாமா என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் சரக்கு வைக்கும் அறைக்குப் போனாள். நீலாவதி உள்ளே வந்தும் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னதும் ஒரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் துணிமூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"எத்தனை மாசம்?" என்று மெல்லக் கேட்டாள் வாசுகி.

நீலாவதி முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அஞ்சு முடியப்போகுதுங்க. இங்க யாருக்கும் தெரியாதுங்க. போன வருஷம் கூட வேலை பாத்த வங்காளி அக்கா ஒருத்தங்க மாசமா இருக்கறத வாய விட்டுச் சொன்னாங்க. மறுநாளே வர வேணாம்னுட்டாங்க."

பிள்ளைத்தாச்சியை அதற்காக வேலையிலிருந்து நீக்க முடியாது, பேறுகால விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்றெல்லாம் வாசுகி விளக்கினாள். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோல நீலாவதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்டம் இருக்குதுங்க. நீங்க போனப்புறம் கடையில நானும் அவரும்தானுங்களே இருப்போம்?"

வாசுகி பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். தன் கைபேசி எண்ணைக் கொடுத்தாள். "நான் மறுபடி வருவேன். நீ கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாட்டாலும் வருவேன்."

யார் பெயரையும் சொல்லாமல், விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சுந்தரேசனிடம் சொல்லிவிட்டு வந்தாள். வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா என்று முணுமுணுத்தாலும் ஸ்டூல்கள் போட்டார்.

நீலாவதியின் வயிறு முந்தானைக்கு அடங்காமல் போனதும், அவளே முதலாளியிடம் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. வீட்டில் போய் ஓய்வெடு, குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். நீலாவதி வாசுகியை அழைத்தாள். அழுகையில் பேச்சு வராமல், செல்வராஜ்தான் ஃபோனை வாங்கி விஷயத்தைச் சொன்னான்.

சுந்தரேசனையும் நீலாவதியையும் விசாரணைக்கு அலுவலகத்துக்கு அழைத்தாள் வாசுகி. அன்றிரவு சாப்பிடும்போது அவள் அப்பா விஸ்வநாதன், சுந்தரேசன் ரொம்ப மனசு நொந்து போயிருக்கிறார் என்றார். விட்டுவிடு என்று சொல்லவில்லை. பார்த்துப் பேசு என்று மட்டும் சொல்லி, அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

விசாரணையில் நீலாவதியைக் காட்டிக் கேட்டார் சுந்தரேசன். "நம்மாத்துப் பொண்ணா நெனச்சுதானே ரெஸ்ட் எடுக்கச் சொன்னேன்?"

"அவளுக்கு இப்போ ரெஸ்ட் வேணுமான்னு நீங்க கேக்கலையே மாமா. லீவு எப்போன்னு அவளும் டாக்டரும் முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் வேலை, அப்புறம் சம்பளத்தோட லீவு. இது நீங்க காட்டற தயவு இல்லை. அவளுக்குச் சேர வேண்டியது."

நீலாவதி தலையை நிமிர்த்தினாள். "ஐயா, புடவை விரிச்சுக் காட்டறது எனக்குப் பிடிக்குமுங்க. எனக்கு வேலைய விட இஷ்டமில்லைங்க."

சுந்தரேசன் அவள் பக்கம் திரும்பினார். மேலே ஏறி எடுப்பதை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள், நீ உட்கார்ந்து விரித்துக் காட்டினால் போதும் என்றார். ஒப்புக்கொண்டதை எழுதிக் கையெழுத்தும் போட்டார். போகும்போது வாசுகியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகு கொஞ்ச காலம் ஏரிக்கரைக்கும் வரவில்லை. அப்பா தனியாகத்தான் நடந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசாதது வாசுகிக்கு வலித்தது.

ஆனாலும் முன்னறிவிப்பில்லாமல் கடைக்குப் போய் வந்தாள். துர்கா பூஜைக் கூட்டம் அலைமோதிய ஒரு நாள், நீலாவதி உட்கார்ந்தபடி ஒரு வங்காளி அம்மாளுக்கு ஜரிகையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். வாசுகியைப் பார்த்ததும் சிரித்தாள். வாசுகி உள்ளே போகாமல் திரும்பினாள்.

குளிர்காலத்தில் நீலாவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடியும் முன்பே ஒரு மத்தியானம், கம்பளியில் சுற்றிய குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தாள். வேலையாக வரவில்லை அக்கா, காட்டத்தான் வந்தேன் என்றாள். வாசுகி குழந்தையைக் கையில் வாங்கி, மூக்கு யாரைப்போல என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது நீலாவதி சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். இரவெல்லாம் விழித்த களைப்பு.

அடுத்த புகார்க்காரர் வாசலில் வந்து நின்றார். வாசுகி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர் நாற்காலியைக் காட்டி, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று வங்காள மொழியில் கேட்டுக்கொண்டாள்.