மண் தொட்ட இட்டிலி

1
‘இது முழுக்க உண்மை’ என்று தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். [அப்படிச் சொல்கிறவன்தான் அதிகம் புளுகுவான்.] ஒரு நர்ஸ் என்னைக் கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் கதை வந்தது. 1979, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. அந்தக் கேள்விக்கு இன்றும் பயப்படுகிறேன்.

2
அண்ணன் சங்கரபாண்டியன் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவன். சோற்றில் விஷம் என்று காதுக்குள் குரல் கேட்கிறதாம். ஆறு நாளாகத் தெருக்குழாய்த் தண்ணீர்தான். மாத்திரையைத் துப்பிவிடுவான்.

“மாத்திரை மட்டும் போதாது, மயக்கம் குடுத்துத் தலையில கரண்டும் வைக்கணும்” என்றார் பாளையங்கோட்டை டாக்டர். “வெறும் வயித்தோட வரணும். மயக்கத்துல வாந்தி எடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். உயிருக்கே ஆபத்து.”

3
விடிகாலை பஸ்ஸில்... [ஜன்னல் காட்சியை மூன்று வரி எழுதினேன். பயந்தவன் எங்கே ஜன்னலைப் பார்த்தான்?]

மதினி கோமதித்தாய், முந்தியில் முடிந்திருந்த கோவில் புற்றுமண்ணைக் கிள்ளி அண்ணன் வாயில் போட்டாள். விழுங்கினான். “இதுல விஷம் இல்லட்டி” என்றான். உடனே எங்களுக்குக் கட்டியிருந்த இட்டிலியில் அந்த மண்ணைத் தூவி நீட்டினாள். நாலு இட்டிலி தின்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“மண்ணு பட்டா அது பிரசாதம், தம்பி. சாப்பாட்டுல சேராது” என்றாள். எங்கள் ஊரில் விரதத்திலும் அதை வாயில் போடுவோம். நான் தடுக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணன் சொன்னான்: “மண்ணுலயும் கலந்துட்டானுவலே.”

4
“காலைல எதுவும் சாப்பிட்டாரா?” என்று நர்ஸ் கேட்டார்.

முடிவு ஒன்று: மதினி ‘இல்ல’ என்கிறாள். [பழியை அவள் தலையில் கட்டப் பார்த்தேன். நர்ஸ் கேட்டது என்னை.]

முடிவு இரண்டு: ‘நாலு இட்டிலி’ என்கிறேன். கரண்ட் வைக்கும் டாக்டர் இனி அடுத்த வியாழக்கிழமைதான் வருவார். அதுவரை பட்டினி கிடந்தால் அண்ணன்...

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.]

மதினி காதோரம் சொன்னாள்: “சொல்லிராதிய, தம்பி. திருப்பி அனுப்பிட்டா இவுகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கன போவேன்?”

5
ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “ஏலே, நீ இருக்கேல்லா” என்றான்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எழுத மாட்டேன். இதே இடத்தில் எத்தனையோ தடவை பேனாவை மூடியிருக்கிறேன்.

அந்தக் கையை உங்களிடம் தருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். எலும்பாக இருக்கும், வியர்த்திருக்கும். நர்ஸ் மறுபடியும் கேட்கிறார். இந்தத் தடவை உங்களை.