மூணாவது குரூப்பு

எனக்கு வாய் சாஸ்திங்க. கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பிளவுசு தைக்கிறேன். மணிமேகலைன்னு கேட்டா சின்னப்புள்ளகூடக் கடையக் காட்டும். மிசினு சத்தத்தவிட எஞ்சத்தம்தான் ரோட்டுக்குக் கேக்கும்னு சொல்லுவாக. வாஸ்தவந்தான். அந்த வாயால எம்மகளுக்கு நான் பண்ணுனதத்தான் சொல்ல வாரேன்.

எம்மக இலக்கியா பத்தாவதுல நானூத்தி அறுபத்தாறு. ரிசல்ட்டு வந்த அன்னைக்கே, அளவு குடுக்க வந்தவ, கொக்கி வைக்க வந்தவ, சும்மா ஒக்கார வந்தவ எல்லாருக்கும் முட்டாயக் குடுத்து, “மொதக் குரூப்புதான் எடுக்கப் போறா”ன்னு சொல்லியாச்சு. மொதக் குரூப்புல என்ன படிப்பாகன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் எட்டாவதோட நின்னவ. ஓட்டப்பந்தயத்துல மொத, ரெண்டு, மூணுன்னு நிக்க வைக்கிற மாதிரி, மார்க்கப் பாத்துப் புள்ளைகள வரிசையா நிக்க வைக்கிறாக போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அட்மிசன் அன்னைக்கு நான் போகல. வைகாசி முகூர்த்தம், தைக்க இருவது பிளவுசு கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மினி பஸ் ஓட்டுறவரு, அவர அனுப்பிவிட்டேன். மனுசன் மக காட்டுன எடத்துல கையெழுத்தப் போட்டுட்டு டூட்டிக்குப் போயிட்டாரு. அதுக்கப்பறம் ரெண்டு நாளா இவ என்னயவே சுத்திச் சுத்தி வந்தா. “அம்மா, ஒண்ணு சொல்லணும்மா.” நான் தலையக்கூடத் தூக்கல. “இந்தப் பிளவுசுக்குக் கை வச்சுத் தச்சுட்டுக் கேக்குறேன், போடி.” கேக்கவேயில்ல.

மூணாம் நாளு எதுத்த வீட்டு முனியாயி அக்கா வந்து நின்னுச்சு.

“என்னடி, ஒம்மகளுக்கு மூணாவது குரூப்புதானாம்ல? பள்ளிக்கூடத்துல லிஸ்டு ஒட்டிட்டாக. எங்க கவியரசனுக்கு மொதக் குரூப்பு கெடச்சிருச்சுடி.”

அக்கா மகன் கவியரசன் வாங்குனது நானூத்தி முப்பத்தொண்ணு. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. மிசின அப்படியே விட்டுட்டு, கழுத்துல தொங்குன டேப்போட எறங்கி நடந்தேன். கொக்கி வச்சுக்கிட்டிருந்த இலக்கியா, “அம்மா, இரும்மா, நான் சொல்றேன், கேளும்மா”ன்னு பின்னாடியே ஓடியாந்தா. வேடிக்க பாக்க முனியாயி அக்காவும் வந்துச்சு.

பள்ளிக்கூட ஆபீசுல தாய் தகப்பன், புள்ளைகன்னு முப்பது பேருக்குக் கொறையாது. எல்லாரையும் தள்ளிட்டு எச்.எம். பிரகதாம்பாள் டீச்சர் மேசை முன்னாடி போயி நின்னேன்.

“நானூத்தி முப்பத்தொண்ணு வாங்குனவனுக்கு மொதக் குரூப்பு, நானூத்தி அறுபத்தாறு வாங்குன எம்மகளுக்கு மூணாவதா? தையக்காரி மகதானன்னு எளக்காரமா? யாருகிட்ட என்னத்த வாங்கிக்கிட்டு எம்புள்ளையக் கீழ தள்ளுனீக?”

 அந்தம்மா கோவப்படல. அதுதான் இன்னமும் அறுக்குது.

“ஒக்காருங்கம்மா. மொத, ரெண்டு, மூணுங்கிறதெல்லாம் சும்மா பேருங்க. ரேங்க் கெடையாது. அதுல கணக்கு, சயின்சு, இதுல வரலாறு, அவ்வளவுதான்.”

எனக்குப் பின்னால ஒருத்தி களுக்குனு சிரிச்சா. “இதுகூடத் தெரியாம வந்து ஆடுது பாரு”ன்னு ஒரு ஆம்பளக் கொரலு. அங்கங்க சிரிப்பு. எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு.

டீச்சர் ஒரு அட்மிசன் பாரத்த எடுத்து எம்பக்கம் திருப்பி வச்சாக. எம்மக கையெழுத்து, முத்து முத்தா. கணக்குல எம்பத்திரெண்டு, சமூக அறிவியல்ல நூத்துக்கு நூறு. அதுக்குக் கீழ அவளே எழுதியிருந்தா: ‘வரலாறு எனக்குப் பிடிக்கும். இதில் நல்ல மதிப்பெண் எடுத்து சட்டக் கல்லூரிக்குப் போவேன்.’ ரெண்டு நாளா அவ சொல்ல வந்தது இதத்தான்.

“யாரு எழுதுனதுன்னு ஒங்க பொண்ணயே கேளுங்க”ன்னாக டீச்சர்.

நான் கேக்கல. அவளாவே முன்னால வந்தா. சிரிச்சவுகளையெல்லாம் ஒரு தடவ திரும்பிப் பாத்தா.

“நான்தான் டீச்சர் தப்பா எழுதிட்டேன். அம்மா மொதக் குரூப்புன்னுதான் சொல்லிவிட்டுச்சு. எனக்குத்தான் நம்பர் கொழம்பிருச்சு. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் டீச்சர், அது மேல தப்பில்ல.”

சிரிப்பு நின்னு போச்சு. டீச்சர் அவளையே பாத்தாக. “அட்மிசன் அன்னைக்குச் சட்டம் படிக்கணும்னு எங்கிட்ட அம்புட்டு நேரம் பேசுனியே, அது?”

“சும்மா சொன்னேன் டீச்சர்.”

டீச்சர் எம்பக்கம் திரும்பி, கொரலத் தாழ்த்திக் கேட்டாக. “நீங்க சொல்லுங்கம்மா. சாயங்காலம் லிஸ்டு மேலாபீசுக்குப் போயிரும். அப்பறம் நானே நெனச்சாலும் மாத்த முடியாது. அப்படியே இருக்கட்டுமா?”

அவ எனக்காகப் பொய் சொல்றான்னு அந்தம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ‘எம்மக விருப்பப்படி இருக்கட்டும், நான்தான் வெவரமில்லாமக் கத்திட்டேன்’னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போச்சு. ஊரையே ஏசுற இந்த வாயிக்கு அது வரல. முப்பது பேரு பாத்துக்கிட்டு நிக்கிறாக. கூட்டத்துல உள்ள வர முடியாம முனியாயி அக்கா வெளிய கேட்டுல நிக்கிது.

“மாத்திருங்க டீச்சர்”னேன்.

டீச்சர் வரலாறுங்கிறத அடிச்சு, மொதக் குரூப்புன்னு எழுதுனாக. பேனா கீறுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இலக்கியா குனிஞ்சு பக்கத்துல கையெழுத்துப் போட்டா.  

பள்ளிக்கூடக் கேட்டுப் பக்கம் வரும்போது முனியாயி அக்கா அவ கையப் புடிச்சு, “என்னத்தா ஆச்சு?”ன்னு கேட்டுச்சு.

“மொதக் குரூப்பு கெடச்சிருச்சு பெரியம்மா. நான்தான் கிறுக்குத்தனமா எழுதிட்டேன். நல்லவேள அம்மா வந்துச்சு”ன்னு சொல்றா எம்மக. என்னயப் பாக்காமச் சொல்றா.

முனியாயி அக்கா என் தோள்ல ஒரு தட்டுத் தட்டி, “பெத்தவன்னா இப்படி இருக்கணும்டி, சண்ட போட்டு வாங்கிட்டியே”ன்னுச்சு.

நான் சிரிச்சேங்க. எம்மகளப் பக்கத்துல வச்சுக்கிட்டு, வெக்கங்கெட்டவ, ஆமான்னு தலைய ஆட்டிச் சிரிச்சேன்.